எண்ணெய்க் கிணற்றில் சுருள் குழாய்: பாதுகாப்பும் தரமும்

அஸ்ஸாம் மாநிலத்தின் தின்சுகியா மாவட்டத்தில் உள்ளது பாக்ஜான் என்னும் சிற்றூர். அதனருகே திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவும், மாகுரி-மோட்டாபுங் என்னும் ஈரநிலமும் அமைந்துள்ளன. 2020-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள், ஆயில் இந்தியா நிறுவனத்துக்குரிய அவ்வூரின் ஐந்தாம் எண் கிணற்றிலிருந்து வாயு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. ஜூன் 9-ஆம் நாள் அது தீப்பற்றிக்கொண்டது. தீயணைப்புப் பணியாளர் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு முகாம்களில் தங்க நேர்ந்தது. நவம்பர் 15-ஆம் நாளன்றுதான் அக்கிணறு முற்றிலும் அடக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அது புதிதாகத் தோண்டப்பட்டுக்கொண்டிருந்த கிணறு அன்று. முன்னரே வாயு தந்துகொண்டிருந்த கிணறு. அதனைச் சீர்ப்படுத்தும் பணி நடைபெற்றபோதுதான் விபத்து நேர்ந்தது. கிணறு தோண்டுவதே அபாயகரமானது, அதனைப் பழுது பார்ப்பது எளிய வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதைப் பாக்ஜான் உணர்த்தியது.

கிணறுகளைச் சீர்ப்படுத்த இக்காலத்தில் பெரிதும் பயன்படும் சாதனங்களுள் ஒன்று சுருள் குழாய். பாக்ஜானில் அன்று நடந்தது சுருள் குழாய்ப் பணி அன்று. ஆயினும், அமுக்கம் நிறைந்த கிணற்றின் வாயில் நின்று பணியாற்றுவோர் அனைவருக்கும் அந்நிகழ்ச்சியின் பாடம் பொதுவானதே. சுருள் குழாயின் தன்மையையும், அது பழுதுறும் விதத்தையும், அதனைக் கையாளுவோர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

சுருள் குழாய் என்பது யாது?

சாதாரணமாக எண்ணெய்க் கிணற்றினுள் இறக்கப்படும் குழாய், ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளமுள்ள துண்டுகளைத் திருகாணியால் ஒன்றோடொன்று பொருத்தி அமைக்கப்படுவது. சுருள் குழாயோ இடையே திருகுப் பொருத்து ஏதுமின்றி ஆயிரக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஒரே தொடர்ச்சியாக உள்ள மெல்லிய எஃகுக் குழாய். நூற்கண்டில் நூலைச் சுற்றுவது போல, அது பெரியதோர் உருளையில் சுற்றப்பட்டு லாரியில் கொண்டுவரப்படும்.

நீண்ட குழாயை உருளையில் சுற்றலாம் என்பது இரண்டாம் உலகப் போரின்போதே மெய்ப்பிக்கப்பட்டது. 1944-இல் பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குக் கடலடியில் எரிபொருள் அனுப்புவதற்காக, மிதக்கும் பெரிய உருளைகளில் எஃகுக் குழாயைச் சுற்றிக் கப்பலால் இழுத்துச் சென்று கடலில் இட்டனர். எண்ணெய்க் கிணற்றுக்குரிய முழுமையான சுருள் குழாய் யந்திரம் 1962-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. கிணற்றினுள் அடைத்துக்கொண்ட மணலைக் கழுவி வெளியேற்றுவதே அதன் முதற் பணி.

நம் நாட்டில் வணிக அளவில் எண்ணெய் கண்ட முதல் இடம் அஸ்ஸாமிலுள்ள திக்பாய், ஆண்டு 1889. அதன்பின் குஜராத்திலும், மும்பைக் கடலிலும், ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியிலும், நம் காவிரிப் படுகையில் நரிமணம், கோவில்களப்பால் முதலிய இடங்களிலும் கிணறுகள் தோன்றின. கிணறு முதுமையுற்றால் அதில் மணல் சேரும்; மெழுகு படியும்; நீர் தேங்கி வாயுவின் வழியை மறிக்கும். கிணற்றின் உற்பத்திக் குழாயை வெளியே எடுக்காமலே, அதனூடே சுருள் குழாயை இறக்கி இக்குறைகளைப் போக்கலாம். மணலைக் கழுவுதல், அமிலம் செலுத்துதல், நைட்ரஜன் வாயுவைச் செலுத்தித் தேங்கிய திரவத்தை மேலே எழுப்புதல், சிமெண்டு இடுதல் ஆகியவை இதன் முக்கியப் பணிகள். நாள் கணக்கில் ஆகும் வேலை மணிக்கணக்கில் முடியும். பல பணிகளில் கிணற்றின் அமுக்கத்தை அடக்க வேண்டிய அவசியமும் இல்லை. இவ்வசதியே இதன் அபாயமுமாகும்; பணி நடக்கும் நேரம் முழுவதும் கிணறு உயிரோடிருக்கிறது.

யந்திரத்தின் உறுப்புகள்

உருளையிலிருந்து புறப்படும் குழாய், களத்தில் ‘கூஸ்நெக்’ என்று வழங்கும் வளைவுத் தாங்கியின் மீது ஏறி, ‘இன்ஜெக்டர்’ எனப்படும் செலுத்து யந்திரத்தினுள் நுழைகிறது. இதில் எதிரெதிராகச் சுழலும் இரு சங்கிலிகள் குழாயை இருபுறமும் இறுகப் பற்றிக் கீழே தள்ளும். வேண்டும்போது மேலே இழுக்கும். அதற்குக் கீழே ‘ஸ்டிரிப்பர்’ உள்ளது. இது குழாயைச் சுற்றி ரப்பர் போன்ற பொருளை இறுக்கி, குழாய் நகரும்போதே வாயு வெளியேறாமல் தடுக்கிறது. அதற்கும் கீழே இருப்பது பீறிடல் தடுப்பு. களப் பணியாளர் இதனைச் சுருக்கமாக பி.ஓ.பி. என்பர். குழாயின் அடிமுனையில், திரவம் கீழ்நோக்கிச் செல்ல மட்டும் இடந்தரும் ஒருவழி வால்வுகள் இரண்டு இருத்தல் வேண்டும்.

குழாயை ஏன் தள்ள வேண்டும், அது தன் எடையாலேயே இறங்காதா என்று மாணவர் வினவலாம். ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். பெருவழக்கிலுள்ள ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 38.1 மில்லிமீட்டர், குறுக்குப் பரப்பு 11.4 சதுர சென்டிமீட்டர். கிணற்றின் வாயில் அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் என்று கொள்வோம். அப்போது குழாயை வெளியே தள்ளும் விசை 200 × 11.4 = 2,280 கிலோகிராம். சுவர்க் கனம் 2.77 மில்லிமீட்டரானால், அக்குழாயின் ஒரு மீட்டர் எஃகு 2.41 கிலோகிராமும், அதனுள் நிறைந்த நீர் 0.83 கிலோகிராமும், ஆக 3.24 கிலோகிராம் எடையிருக்கும். எனவே வாயுக் கிணறு ஒன்றில் ஏறத்தாழ 700 மீட்டர் இறங்கிய பின்னரே குழாயின் எடை அவ்விசைக்கு ஈடாகும். அதுவரை சங்கிலியின் பிடி நழுவினால் குழாய் மேல்நோக்கிப் பாயும். அதன்பின் நழுவினால் கீழ்நோக்கி ஓடும். இவ்விரண்டும் ஆளைக் கொல்லக் கூடியவை. குழாய் இயங்கும்போது உருளைக்கும் கிணற்றுக்கும் இடையே எவரும் நிற்கலாகாது என்னும் விதிக்கு இதுவே காரணம்.

வளைவும் உலோகக் களைப்பும்

குழாய் கிணற்றினுள் சென்று திரும்பும் ஒரு முறைக்குள் ஆறு தடவை உருமாறுகிறது. உருளையிலிருந்து வரும்போது நிமிர்கிறது; கூஸ்நெக்கின் மீது வளைகிறது; சங்கிலிகளுக்கிடையே மீண்டும் நிமிர்கிறது. திரும்பி வரும்போது இம்மூன்றும் தலைகீழ் வரிசையில் நிகழ்கின்றன.

எஃகை ஓரளவுக்குள் வளைத்தால், விட்டவுடன் அது பழைய நிலையை அடையும். அவ்வெல்லையைக் கடந்து வளைத்தால் மீளாது. சுருள் குழாய் எல்லைக்குள் வளைகிறதா என்பதைக் காண்போம். வளையும் குழாயின் வெளிப்புறம் அடையும் விகிதநீட்சியைப் பெற, குழாயின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தல் வேண்டும். கூஸ்நெக்கின் ஆரம் 72 அங்குலம், அதாவது 1,829 மில்லிமீட்டர் எனில், 19.05 ÷ 1,829 = 0.0104. இது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். இத்தகைய குழாய்க்குரிய எஃகு ஒன்றின் மீள்தன்மை எல்லையோ நூற்றுக்கு 0.27 மட்டுமே. ஆகவே, ஒவ்வொரு வளைவிலும் அவ்வெஃகு தன் எல்லையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீட்டப்படுகிறது. எல்லைக்குள் வளைக்க வேண்டுமானால் வளைவின் ஆரம் ஏழு மீட்டருக்கு மேல் இருத்தல் வேண்டும். பதினான்கு மீட்டர் விட்டமுள்ள உருளையை எந்த லாரியும் சுமக்காது.

ஆதலின் சுருள் குழாய் பிறக்கும்போதே தன் ஆயுளின் எண்ணிக்கையோடு பிறக்கிறது எனலாம். ஒவ்வொரு பயணமும் அதில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. இதுவே உலோகக் களைப்பு. வளையும் நேரத்தில் குழாயினுள் அமுக்கம் மிகுந்திருந்தால் களைப்பு விரைவில் சேரும். குழாய் சிறிது சிறிதாகப் பருத்துச் சுவர் மெலியும். துருவும் அமிலமும் அரித்த குழிகள், சங்கிலி ஏற்படுத்திய கீறல்கள், இடையே போட்ட பற்றவைப்புகள் ஆகிய இடங்களில் ஆயுள் இன்னும் குறையும். அவ்விடங்களில் முதலில் ஊசித்துளை போன்ற வெடிப்புத் தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வெடிப்பே குழாய் முறிவதற்கு முன்னறிவிப்பு.

இழுவிசைக்கும் இவ்வாறே எல்லையுண்டு. மேற்கூறிய குழாயின் எஃகு, 17.3 டன் இழுவிசையில் தன் மீள்தன்மை எல்லையை அடையும். 3,000 மீட்டர் குழாயின் எஃகு மட்டுமே 7.2 டன் எடையுள்ளது. எல்லையின் நூற்றுக்கு எண்பது பங்குக்குமேல் இழுப்பதில்லை என்பது வழக்கம், அதன்படி 13.8 டன்னுக்கு மேல் இழுக்கலாகாது. குழாய் மணலில் சிக்கிக்கொண்டபோது, “இன்னும் சற்று இழுத்துப் பார்ப்போம்” என்னும் ஆவல் எழுவது இயல்பு. மெலிந்த சுவரின் வலிமை புதிய சுவரின் வலிமை அன்று என்பதை அப்போது நினைவிற்கொள்ள வேண்டும்.

பள்ளியில் செய்து பார்க்கத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மையை எளிதில் விளக்கலாம். ஒரே கண்டிலிருந்து வெட்டிய இரும்புக் கட்டுக்கம்பித் துண்டுகள் மூன்றை எடுத்துக்கொள்க. முதல் துண்டைப் பென்சிலின் மீது வளைத்து நிமிர்த்துக. அதே இடத்தில் திரும்பத் திரும்ப இவ்வாறு செய்து, எத்தனையாவது வளைவில் முறிகிறது என்பதைக் குறித்துக்கொள்க. இரண்டாம் துண்டைப் பெரிய தகர டப்பாவின் மீது அதே எண்ணிக்கை வளைத்து நிமிர்த்துக. அது முறியாமல் இருக்கும். மூன்றாம் துண்டில் அரத்தினால் சிறு கீறல் இட்டு, அவ்விடத்தைப் பென்சிலின் மீது வளைத்துப் பார்க்க. முதல் துண்டைவிட விரைவில் முறியும். வளைவின் ஆரம், வளைவுகளின் எண்ணிக்கை, மேற்பரப்பின் நிலை என்னும் மூன்றும் ஆயுளை நிர்ணயிப்பது இதனால் விளங்கும். முறியும் கம்பி தெறிக்கக்கூடுமாதலால் கண்களைக் காத்துக்கொள்வது அவசியம்.

அமுக்கமும் தடுப்புகளும்

கிணற்றை அடக்கிவைப்பது பெரும்பாலும் அதனுள் நிற்கும் திரவத்தின் எடையே. 3,000 மீட்டர் ஆழத்தில் நிலத்தின் அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 330 கிலோகிராம் என்று கொள்வோம். நீர் நிரப்பினால் அடியில் 300 கிலோகிராம் அமுக்கமே கிட்டும்; கிணறு பீறிடும். நீரைப்போல் 1.2 மடங்கு அடர்த்தியுள்ள திரவத்தை நிரப்பினால் 360 கிலோகிராம் கிட்டும், கிணறு அடங்கும். ஆனால் அத்திரவத்தின் மட்டம் 250 மீட்டர் தாழ்ந்தால் அமுக்கம் 330-ஆகக் குறைந்து, காவல் முழுவதும் நீங்கிவிடும்.

மட்டம் எவ்வாறு தாழும்? அடிவரை இறக்கிய நம் குழாயை, அதனுள்ளிருக்கும் திரவத்தோடு வெளியே எடுப்பதாகக் கொள்வோம். 3,000 மீட்டர் குழாய் அடைத்திருந்த இடம் 3.42 கனமீட்டர். உற்பத்திக் குழாயின் உள்விட்டம் 62 மில்லிமீட்டரானால், மேலிருந்து திரவம் ஊற்றாவிடில் மட்டம் முடிவில் 1,130 மீட்டர் அளவுக்குத் தாழும். ஏறத்தாழ 410 மீட்டர் குழாய் வெளிவந்த அளவிலேயே 250 மீட்டர் என்னும் எல்லை வந்துவிடும். எனவே, அடக்கிய கிணற்றிலிருந்து குழாயை எடுக்கும்போது எவ்வளவு வெளிவருகிறதோ அவ்வளவு திரவத்தை அளந்து ஊற்றிக்கொண்டே வருதல் வேண்டும். ஊற்றிய அளவு கணக்கிற்குக் குறைந்தால், கிணற்றினுள் வேறேதோ புகுந்து இடம் பிடித்துள்ளது என்று பொருள். பணியை உடனே நிறுத்த வேண்டும்.

திரவம் முதற் காவல் எனில், பீறிடல் தடுப்பு இரண்டாங் காவல். சுருள் குழாய்க்குரிய தடுப்பில் வழக்கமாக ‘ராம்’ எனப்படும் நான்கு ஜோடிக் கதவுகள் உள்ளன. மேலிருந்து முதலாவது, குழாய் இல்லாதபோது வழியை முற்றும் அடைப்பது; இரண்டாவது, குழாயை வெட்டுவது; மூன்றாவது, குழாய் நழுவாமல் பற்றிக்கொள்வது; நான்காவது, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பது. ஆபத்தில் முதலில் மூன்றாவதையும் நான்காவதையும் மூடிக் குழாயை நிலைநிறுத்துவர். வேறு வழியில்லையெனில் இரண்டாவதால் வெட்டி, மேல் துண்டை உயர்த்தியபின் முதலாவதை மூடுவர். இவ்வரிசை மாறினால், வெட்டுண்ட குழாய் கிணற்றுக்குள் விழுந்துவிடும்.

இத்தடுப்பைக் கிணற்றில் பொருத்தியதும் அமுக்கமேற்றிச் சோதித்தல் வேண்டும். முதலில் சதுர சென்டிமீட்டருக்கு 14 முதல் 21 கிலோகிராம் வரையுள்ள குறைந்த அமுக்கத்திலும், பின்னர் பணிக்குரிய உயர்ந்த அமுக்கத்திலும் சோதிப்பர். உயர்ந்த அமுக்கத்தைத் தாங்குவது குறைந்ததைத் தாங்காதா என்று கேட்கலாம். சில வேளைகளில் தாங்காது. ரப்பர் அடைப்பு அமுக்கத்தால் நசுங்கியே நன்கு பொருந்துகிறது. குறைந்த அமுக்கத்தில் அது தளர்ந்து கசியவிடக்கூடும்.

பாக்ஜான் கற்பித்த பாடம்

பாக்ஜான் நிகழ்ச்சியை விசாரிக்க, தில்லியிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜூன் மாதத்தில் நீதிபதி பி. பி. கடகே தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. இரண்டாங் காவல் சோதித்து உறுதி செய்யப்படாத நிலையில் பீறிடல் தடுப்பு அகற்றப்பட்டதை அக்குழு முக்கியக் குறையாகச் சுட்டியது. காவல் இருக்கிறது என்று நம்புவது வேறு. இருக்கிறது என்று சோதித்து அறிவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே விபத்தின் வழி.

இப்பாடம் புதியதன்று. 2010 ஏப்ரல் 20-ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் பதினொருவர் உயிரைப் பறித்த ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ விபத்திலும், சிமெண்டு அடைப்பைச் சோதித்தபோது கிடைத்த குறிப்புகள் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டன. சோதனை நடத்துவது மட்டும் போதாது. அதன் விடை நமக்கு விருப்பமானதாக இல்லாவிடினும் அதற்குப் பணிதல் வேண்டும்.

பாக்ஜான் கிணற்றை இறுதியில் அடக்கியதும் சுருள் குழாய்க்கு உறவான ஒரு யந்திரமே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. கிணற்றின் அமுக்கத்தை எதிர்த்துக் குழாயை உள்ளே தள்ளும் ‘ஸ்னப்பிங்’ யந்திரத்தின் உதவியால் அடர்ந்த திரவம் செலுத்தப்பட்டு, அக்கிணறு மூச்சடங்கியது.

வாயுக்களின் அபாயம்

கிணற்றின் வாயு தீப்பற்றும் என்பதை அனைவரும் அறிவர். நைட்ரஜன் தீப்பற்றாது; ஆகவே அதனை அபாயமற்றதென எண்ணுவோர் உண்டு. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆயினும் அது மேலும் பெருகிப் பிராணவாயுவின் பங்கு 19.5-க்குக் கீழே சென்றால் அவ்விடம் மனிதர் தங்கத்தக்கதன்று. நிறமும் மணமும் இல்லாததால் அது முன்னறிவிப்பின்றி மயக்கும். திரவ நைட்ரஜனின் கொதிநிலை சுழிக்குக் கீழே 196 டிகிரி. அது தோலைத் தீப்போல் சுடும். சாதாரண எஃகை நொறுங்கச் செய்யும்.

சில கிணறுகளில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. அழுகிய முட்டை நாற்றத்தால் அது அறியப்படும். எனினும் மிகுந்த அளவில் அதுவே மூக்கின் உணர்வை மரக்கச் செய்யும். நாற்றம் நின்றது, வாயுவும் நின்றது என்று கருதியவர் உயிரிழந்ததுண்டு. காற்றைவிடக் கனமாதலால் அது பள்ளங்களில் தேங்கும். வலிய எஃகிலும் அது வெடிப்பை உண்டாக்கும். ஆகவே மனிதர், குழாய் ஆகிய இருவகைப் பாதுகாப்பும் அங்கு வேண்டும்.

களப் பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு குழாய்க்கும் தனிப் பதிவேடு வேண்டும். எந்தப் பகுதி எத்தனை முறை, எவ்வளவு அமுக்கத்தில் வளைந்தது, எந்த அமிலம் சென்றது என்பவற்றை அன்றன்றே எழுதுக. எழுதாத பயணமும் ஆயுளைக் குறைக்கும்.

2. குழாயின் விட்டம், வட்ட வடிவம், சுவர்க் கனம் ஆகியவற்றை உரிய காலத்தில் அளந்திடுக.

3. அமிலப் பணி முடிந்ததும் குழாயின் உட்புறத்தைக் கழுவி, அமிலத்தை நடுநிலையாக்கி, நைட்ரஜனால் உலர்த்திப் பின்னரே சேமித்து வைக்க.

4. பீறிடல் தடுப்பையும், ஒருவழி வால்வுகளையும், அமுக்கச் சேமிப்புக் கலங்களையும் பணிக்கு முன்னர் சோதித்திடுக. சோதனையின் அமுக்கத்தையும் நேரத்தையும் பதிவு செய்க.

5. இறக்கும்போது இடையிடையே நிறுத்திச் சற்று மேலே இழுத்து, இழுவிசை கணக்கோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க.

6. ஒரு காவலை அகற்றுமுன், எஞ்சியுள்ள காவல்கள் எவை, அவை எப்போது சோதிக்கப்பட்டன என்று பணிக்குழுவினர் அனைவரும் கேட்கும்படி சொல்லுக.

7. ஐயம் தோன்றினால் பணியை நிறுத்தும் உரிமை கடைநிலை ஊழியருக்கும் உண்டு. அவ்வாறு நிறுத்தியவரைக் கடிந்துகொள்ளலாகாது.

1986-இல் நிறுவப்பட்ட எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் இத்துறைக்குரிய பாதுகாப்பு நெறிகளை வகுத்து வெளியிட்டுள்ளது. நெறிகள் தாளில் இருந்தால் மட்டும் கிணறு அடங்காது. நள்ளிரவில், மழையில், பணியை விரைந்து முடிக்கத் துடிக்கும் வேளையில், அளவுமானியை மீண்டும் ஒருமுறை பார்க்கும் பணியாளரிடமே அவை உயிர்பெறுகின்றன. அவர் பொறுமையோடு செலவிடும் சில மணி நேரம், ஓர் ஊர் மக்கள் ஐந்து மாதங்கள் வீடிழந்து வாழாமல் காக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டு அங்குல வெளிவிட்டமுள்ள குழாய் 80 அங்குல ஆரமுள்ள கூஸ்நெக்கின் மீது வளைந்தால், விகிதநீட்சி நூற்றுக்கு எவ்வளவு?

2. கிணற்று வாயில் அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோகிராம். ஒன்றரை அங்குலக் குழாயை வெளியே தள்ளும் விசை யாது?

3. பீறிடல் தடுப்பைக் குறைந்த அமுக்கத்திலும் சோதிப்பது ஏன்?

4. நாற்றம் மறைந்தது ஹைட்ரஜன் சல்பைடு நீங்கியதற்குச் சான்றாகாது. ஏன்?

(முதல் வினாவின் விடை: 1.25. இரண்டாம் வினாவின் விடை: 3,420 கிலோகிராம். மற்றவற்றுக்குக் கட்டுரையை மீண்டும் படித்து விடை காண்க.)